போரா

கள்ளு ஜீப்புகள் போய்விட்ட பிறகும்
கொழிஞ்சாம்பாறை ரோடு கொஞ்ச நேரம் புளித்து மணக்கும்.
அதற்குள் மைதானத்தில் சுகதன் மாஷ்
சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருப்பார்.

மூவாயிரம் மீட்டர். ஏழரைச் சுற்று.
ஏழரை சனிக்குத்தானே என்பாள் அம்மா,
டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

ஒவ்வொரு சுற்று முடியும் இடத்திலும்
வாகை மரத்தடியில் மாஷ்.
கையில் ஸ்டாப் வாட்ச். வாயில் ஒரே சொல்.
போரா.

மலையாளத்தில் அதற்குப் பத்தாது என்று பொருள்.
எட்டாம் வகுப்பிலிருந்து கேட்கிறேன்.
இப்போது அவர் சொல்ல வேண்டியதில்லை.
கணக்குப் பரீட்சையில் கேட்கிறது,
தலை பின்னும்போது கேட்கிறது,
தட்டில் தோசை விழும்போதும்.
அங்கே மட்டும் எனக்கும் சம்மதம்.

கெட்டவர் இல்லை.
மழை நாளில் சொந்தக் காசில் முட்டை அவித்துக்கொண்டு வருவார்.
எங்கள் தலைகளை எண்ணுவார், முட்டைகளை எண்ணுவார்,
போரா என்பார், தனக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்.
ஆனாலும் ஹைஜம்ப் அனூப்
இந்தச் சொல்லைக் கேட்டு ஒருநாள் சைக்கிளை எடுத்தவன்
திரும்பி வரவே இல்லை.

ஓடும்போது
ஒரு மாஷ் மரத்தடியில் இருக்கிறார்.
இன்னொரு மாஷ் என் விலாவுக்குள்.
உள்ளே இருப்பவருக்கு வாட்ச் கிடையாது.
அதனால் அவர் நிறுத்துவதும் கிடையாது.

ஜெபஸ்டினா வேறு மாதிரி.
வேலந்தாவளம் மண்டியில் தக்காளி ஏலம் விடும் வீடு.
போன ஜூனில்தான் கிணத்துக்கடவிலிருந்து வந்து சேர்ந்தாள்.
ஓடிக்கொண்டே தன் கால்களோடு பேரம் பேசுவாள்,
எனக்கே கேட்கும்படி:
"இந்த வளைவு வரைக்கும் குடு தாயி,
மிச்சத்த அடுத்த சுத்துல பாத்துக்கலாம்."
கால்கள் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

குழாயடியில் ஒருநாள் கேட்டேன்:
மாஷ் அப்படிக் கத்துறாரே, உனக்கு ஒண்ணும் ஆகாதா?
"என்ன ஆகும்? போறா, போறாங்கிறாரு.
போய்க்கிட்டுத்தானே இருக்கேன்."

வல்லின ற போட்டுக் கேட்டிருக்கிறாள்
இந்த நாலு மாதமும்.
நான் வாய் கொப்பளித்துத் துப்பினேன்.
சொல்லவில்லை.
நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள்;
ஒரு நாளைக்கு வேண்டியிருக்கும் என்று வைத்திருந்தேன்.

அந்த நாள் பாலக்காட்டில் வந்தது, ஜில்லா மீட்டில்.
நம்பர் குத்த ஊசி வாங்கும் சாக்கில்
சொல்லிவிட்டேன்.
ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்.
"அப்ப மாஷ் பாவம்" என்றாள்.
"இத்தன நாளா அவரு சொன்னத
நான் கேக்கவே இல்லையே."
பிறகு என் முதுகில் கோணியிருந்த நம்பரை
நேராக்கிவிட்டாள்.

முதல் சுற்றிலேயே அவள் பேரம் தொடங்கியாயிற்று.
நான் அவளுடைய ற-வைக் கடன் வாங்கிப் பார்த்தேன்.
போறா. போறா. இதோ போறா.
இரண்டு சுற்று தாங்கியது.
பிறகு அடுத்தவள் சட்டைபோல
அக்குளில் தையல் விட்டது.

ஐந்தாவதில் விலாவுக்குள் இருப்பவர்
சாவகாசமாக எழுந்து உட்கார்ந்தார்.
ஆறாவது முடிகிற இடத்தில்
கணவாய்க் காற்று நேரே முகத்தில்.
கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு மாஷ்
வாய் முழுக்கத் திறந்து அதே சொல்லைச் சொன்னார்.
பின்பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.
முன்பாதி மட்டும் வந்து சேர்ந்தது:
போ.

அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

அதை வைத்துக்கொண்டு
ஒன்றரைச் சுற்று.

அவள் இரண்டாவது. நான் ஆறாவது.
மாஷ் நேரத்தை நோட்டில் எழுதினார், பார்த்தார், மூடினார்.
மெதுவாக ஏதோ சொன்னார், எங்களிடம் இல்லை,
மூடிய நோட்டிடம்.
ஜெபஸ்டினா என் விலாவில் இடித்தாள்:
"கேட்டியா?
இன்னும் போறாங்கிறாரு."